அழுத்தினது யாருன்னு சொல்லுங்க

கோளாறே இல்லைன்னா என்னண்ணே அர்த்தம்? பச்சை விளக்கு எரிஞ்சா எல்லாம் சரியாயிடுமா? நல்லா பாருங்க. ஸ்டூல் வேணுமா? அதுல ஒரு கால் ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டு ஏறுங்க. கோளாறு இருக்கு. நான் சொல்றேன்ல, இருக்கு. இல்லைன்னா நாலு நாளா உங்க ஆபீசுக்கு ஃபோன் மேல ஃபோன் போட எனக்கென்ன பைத்தியமா?

ஸ்பீடா? நெட்டெல்லாம் ஸ்பீடாத்தான் வருது. நான் சொல்றது வேற கோளாறு. நீங்க உங்க வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க, நான் சொல்லிடுறேன். சத்தமாத்தான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் தொண்டை அப்படி. பதினோரு வருஷம் ஃபோன்ல கத்திக் கத்தி வந்த தொண்டை.

சர்வீஸ் சென்டர்லண்ணே. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், அடுப்பு, எல்லாத்துக்கும் கம்ப்ளெயின்ட் எடுக்குற சீட்டு என்னோடது. காலையில ஒம்போது மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டினா அர்ச்சனை ஆரம்பம். எத்தனை பேர் கிட்ட எத்தனை வசவு வாங்கியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆனா ஒரு ஃபோனைக்கூட பாதியில வெச்சதில்ல. ஃபோனை மெஷின் பக்கத்துல பிடிங்கம்மான்னு சொல்லி, ஓடுற சத்தத்தை இங்கருந்தே கேட்டு, ட்ரம்முக்குள்ள சில்லறைக் காசு மாட்டியிருக்கு, பேன்ட் பாக்கெட்டைப் பாக்காமப் போட்டுட்டீங்கன்னு சொல்லியிருக்கேன். போய் எடுத்தா காசு இருக்கும். மெக்கானிக்குங்களே என்கிட்ட வந்து கேப்பாங்க.

இவருக்கு உடம்புக்கு வந்ததும் அந்த வேலையை விட்டேன். உள்ள ரூம்ல இருக்காரே, என் வீட்டுக்காரர். கிரேன் ஓட்டினவரு. நாப்பது டன் இரும்பைத் தூக்கிட்டு வந்து முட்டையை வைக்கிற மாதிரி வைப்பாரு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பல் தேச்சுக்கிட்டு இருந்தவருக்கு பிரஷ் கையிலருந்து நழுவிடுச்சு. குனிஞ்சு எடுக்கப் போனவரு எந்திரிக்கல. பக்கவாதம். வலது பக்கம் மொத்தமா போச்சு, பேச்சும் பாதி போச்சு.

அப்புறம் என்ன, வீட்டுல உக்காந்தே என்ன பண்ண முடியும்னு பாத்தேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். மெஷின் தண்ணியை வெளிய தள்ளலைன்னா எதைக் கழட்டணும், ஃபிரிட்ஜுக்கு அடியில தண்ணி தேங்கினா எந்த ஓட்டையில குச்சியை விடணும், எதை நாமளே பண்ணலாம், எதுல கை வெச்சா ஷாக் அடிக்கும். அதையெல்லாம் எழுதி ஒரு வெப்சைட் போட்டேன். முந்நூத்துப் பதினாலு கட்டுரைண்ணே. ஒவ்வொண்ணும் நானே எழுதினது, படமெல்லாம் இந்த வீட்டுச் சமையல் ரூம்ல எடுத்தது. அந்தப் படத்துல தெரியுற வெட்டுப்பட்ட கட்டைவிரல் என்னோடதுதான்.

பாக்க வர்றவங்ககிட்ட காசு கிடையாது. விளம்பரத்துலதான் வருமானம். அதாவது, ஒரு விளம்பரக் கம்பெனி இருக்கு. பக்கத்துல ஒரு கட்டம் விட்டா அவன் அதுல சோப்புத்தூளோ மெஷினோ விளம்பரம் போட்டுக்குவான். படிக்க வர்ற யாராவது அதை அழுத்தினா, சோப்புக்காரன் அவனுக்குக் காசு குடுப்பான், அவன் அதுல எனக்கு ஒரு பங்கு குடுப்பான். ஒரு வருஷமா வாடகை அதுலதான். இவருக்குக் கையைப் பழக்கிவிட வாரம் மூணு நாள் வர்ற பிசியோ டாக்டருக்கும் அதுலதான். பெரிய பணம்னு இல்ல. ஆனா யார்கிட்டயும் கை நீட்டல, அது போதும்.

மூணு வாரம் முன்னாடி ஒரு மெயில் வருது. உங்கள் தளத்தில் செல்லாத கிளிக்குகள் கண்டறியப்பட்டுள்ளன. அப்படியே மனப்பாடமாயிடுச்சு பாருங்க. உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. சம்பாதிச்சு வெச்சிருந்த ரெண்டு மாசப் பணம் அப்படியே சோப்புக்காரனுக்குத் திருப்பிக் குடுக்கப்படும். கணக்கும் போச்சு, பணமும் போச்சு. நாலே வரி. அடியில கையெழுத்து கிடையாது, பேர் கிடையாது, ஃபோன் நம்பர் கிடையாது. பதில் போட்டா, இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்னு இன்னொரு மெயில் வருது.

செல்லாத கிளிக்குன்னா என்னன்னா, வாங்குற எண்ணமே இல்லாம, சும்மா விளம்பரத்தை அழுத்து அழுத்துன்னு அழுத்துறது. சில பேர் அதுக்குன்னே மெஷின் வெச்சிருக்கானாம். மனுஷனே இல்லாம அதுபாட்டுக்கு அழுத்திக்கிட்டே இருக்குமாம். சில பேர் ஆகாதவன் சைட்டைக் கெடுக்கணும்னு போய் அழுத்துவானாம். சரி, அப்படி எவனோ பண்ணினா அவனைப் பிடி. கடையில திருடன் புகுந்துட்டான்னா திருடனைப் பிடிக்காம கடைக்காரனையா கட்டி வெச்சு அடிப்பாங்க? இங்க அப்படித்தான் நடக்குது. எத்தனை கிளிக், எங்கருந்து, எவன் பண்ணினான், எதையும் சொல்ல மாட்டானாம். சொன்னா திருடங்க உஷாராயிடுவாங்களாம். அப்ப நான் யாரு? நானும் திருடி லிஸ்டுல சேர்ந்தாச்சு, அவ்வளவுதான்.

முறையீடு பண்ணலாமாம். ஒரே ஒரு தடவை. அதுக்கு ஒரு படிவம். அதுல ஒரு கேள்வி கேட்டிருக்கான் பாருங்க: உங்கள் தளத்துக்குச் செல்லாத கிளிக்குகள் எப்படி வந்தன, விளக்கவும். அடப்பாவி, தெரியாததனாலதானே உன்கிட்ட கேக்குறேன்! நீ சொல்ல மாட்டே, ஆனா நான் உனக்குச் சொல்லணும். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுண்ணே. பதினோரு வருஷம் வாயைத் திறந்து ஒருத்தரையும் எதிர்த்துப் பேசாம வேலை பாத்தவ நான். முந்நூறு ரூபாய் இஸ்திரிப் பெட்டிக்குக்கூட பேர் சொல்லி, நம்பர் குடுத்து, மறுநாள் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டவ. எனக்கு ஒரு ஃபோன் எடுக்க ஆளில்ல அந்தக் கம்பெனியில.

டீ ஆறிடும், குடிங்க. சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

யார் பண்ணியிருப்பான்னு யோசிச்சேன். இதே மாதிரி ரிப்பேர் சைட் நடத்துற மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. போன வருஷம் என் கட்டுரை ஒண்ணை வரிக்கு வரி காப்பியடிச்சுப் போட்டு, நான் சண்டை போட்டு எடுக்க வெச்சேன். அந்தக் கடுப்புல அவர்தான் ஆள் வெச்சு அழுத்தியிருக்காருன்னு முடிவே பண்ணிட்டேன். ஃபோனைப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். என்னெல்லாம் கேட்டேன்னு இப்ப நினைச்சா எனக்கே கூசுது. பிள்ளைகுட்டி உள்ளவங்களைக் கேக்கக்கூடாத கேள்வி. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் ஃபோனை வெக்கலண்ணே. நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப ஒண்ணு சொன்னாரு. அம்மா, எனக்கும் இது வந்துச்சு, எட்டு மாசம் முன்னாடி, என் கணக்கும் போச்சு, நான் இப்ப திரும்ப பட்டறைக்கே வேலைக்குப் போறேன்னு. என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?

அதனால அவர் இல்ல. அது தெரிஞ்சுபோச்சு. அப்ப வேற என்னவா இருக்கும்? இந்த லைன்தாண்ணே. வெளியாள் எவனோ நம்ம லைன்ல புகுந்திருக்கான். மாடியில குடியிருக்குறவங்களோ, எதுத்த வீட்டுலயோ, எவன் கண்டான். பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சு, நம்ம வயர்ல உக்காந்துக்கிட்டு, நம்ம சைட்டுலயே அழுத்தியிருக்கான். நடக்கும்ல? நடக்கும்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, என்ன முணுமுணுக்குறீங்க?

என்ன அது, ஃபோன்ல என்ன பாக்குறீங்க? இந்தப் பெட்டியில யார் யார் நுழைஞ்சாங்கன்னு அதுல தெரியுமா? எத்தனை மாசத்துக்கு? ஓ. நுழைஞ்சது மூணே சாமான்தானா? என் கம்ப்யூட்டரு, என் ஃபோனு, அப்புறம் இன்னொரு பழைய...

ஸ்ஸ். மெதுவா. மெதுவாண்ணே.

வெளியில ஒரு பெட்டி இருக்குல்ல, வயர் உள்ள வர்ற இடத்துல? அதையும் பாத்துடுங்களேன்! வாங்க, பால்கனி வழியா வாங்க! ஏங்க, லைன்காரர் வெளியில பெட்டியைப் பாக்குறாராம், இதோ வந்துடுறோம்!

கதவைச் சாத்துங்க. அந்தத் துணியெல்லாம் ஒதுக்கிட்டு இந்த ஓரமா வாங்க. இங்க பேசினா உள்ள கேக்காது.

எனக்குத் தெரியும்ணே. லைன்ல ஒரு கோளாறும் இல்ல. வெளியாள் எவனும் புகல. அந்தப் பழைய ஃபோன் அவரோடதுதான்.

அந்த மெக்கானிக்தான் சொல்லிக் குடுத்தாரு. அவ்வளவு வசவையும் வாங்கிக்கிட்டு, சைட்டோட பதிவேட்டை இறக்கிப் பாருங்க, வந்தவங்க ஒவ்வொருத்தரும் எந்த லைன்ல இருந்து வந்தாங்கன்னு நம்பர் இருக்கும், தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே நம்பர் வருதான்னு தேடுங்கன்னாரு. தேடினேன். வந்துச்சு. மூணு மாசமா, தினமும் காலையில பத்துலருந்து பதினொண்ணுக்குள்ள. மாட்டினான்டா மகனேன்னு துள்ளிக் குதிச்சேன். விளம்பர ரிப்போர்ட்டுல கிளிக் எகிறின நேரமும் அதேதான். யார் நம்பர்னு பாத்தா என் வீட்டு நம்பர். பத்துலருந்து பதினொண்ணு வரைக்கும் நான் இந்த ரூம்ல உக்காந்து எழுதுற நேரம். அவர் அந்த ரூம்ல கைப்பயிற்சி பண்ற நேரம்.

பிசியோ டாக்டர் சொல்லியிருந்தாரு. வலது கை ஆள்காட்டி விரலால எதையாவது அழுத்திப் பழகுங்க, சின்னக் கட்டமா இருக்கணும், குறி பாத்து அழுத்தணும், தினமும் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போங்கன்னு. ஃபோன் நல்ல சாமான்னு சொன்னதும் அவர்தான். இவர் என்ன பண்ணியிருக்காரு? எதையோ அழுத்துறதுக்கு இதையே அழுத்துவோம், அவளுக்கும் நாலு காசு வரும்னு. என் சைட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு சோப்பு விளம்பரமாப் பாத்து அழுத்தியிருக்காரு. அவர் மேல என்ன தப்பு? அழுத்தினா காசு வரும்னு சொன்னது நான். அவர் கையை எண்ணெய் போட்டு நீவிக்கிட்டே, பெருமையா. நம்ம வீட்டு ஆளுங்க மட்டும் அழுத்தவே கூடாது, அதுதான் முதல் விதின்னும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவே இல்ல. எழுந்து நடக்க முடியாதவருக்கு இதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.

கோபம் இல்லைன்னு நினைக்காதீங்க. கழுத்தை நெரிக்கலாம் போல இருந்துச்சு. வாயில்லாத மனுஷன், சரி, தலையாட்டிக் கேட்டிருக்கலாம்ல, இதை அழுத்தவா வேணாமான்னு? கல்லுளிமங்கன் மாதிரி மூணு மாசம் சத்தமே இல்லாம உக்காந்து என் வயித்துல அடிச்சிருக்காரேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறதுன்னு போகப் போனவ, எதுக்கும் எத்தனைன்னு எண்ணிட்டுப் போவோம்னு திரும்ப உக்காந்தேன்.

முதல் நாள் ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கிளிக்குண்ணே. மறுநாள் ஒண்ணுமில்ல. அதுக்கு மறுநாள் ரெண்டு. ஒரு வாரம் கழிச்சு அஞ்சு. ஒரு நாளைக்கு எட்டு வந்து, அடுத்த நாள் மூணாக் குறைஞ்சிருக்கு. அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் பன்னெண்டு, பத்தொம்போது, முப்பது. மெயில் வர்றதுக்கு முந்தின நாள் அறுபத்தி நாலு. ஒரு மணி நேரத்துல அறுபத்தி நாலு தடவை அந்த விரல் மேல எந்திரிச்சுக் கீழ இறங்கியிருக்கு. ஒன்றரை வருஷம் முன்னாடி ஊசி குத்தினாக்கூட அசையாத விரலு. டாக்டர் ரிப்போர்ட்டுல முன்னேற்றம் உண்டுன்னு ஒரே வார்த்தைதான் எழுதுவாரு. எவ்வளவு முன்னேற்றம்னு நாள் நாளா எழுதி வெச்சிருக்குறது அந்தத் திருட்டுக் கம்பெனி ரிப்போர்ட்டுலதான்.

அதை வெச்சு முறையீடு பண்ணலாம்ல? பண்ணிட்டேன், நேத்து. உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சுபோச்சே இப்ப. முப்பத்தி ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. முப்பத்தி ரெண்டு நிமிஷத்துல எந்த மனுஷன்ணே படிப்பான் அதை? எவனும் படிக்கல. நாசமாப் போறவங்க. சரி, போகட்டும். பழைய சர்வீஸ் சென்டர்ல கேட்டிருக்கேன், வீட்டுலருந்தே ஃபோன் எடுக்கச் சொல்றாங்க. பொழைச்சுக்குவேன். பணத்துக்காக உங்களைக் கூப்பிடலண்ணே.

மெயில் வந்த நாள்லருந்து அவர் விரலை அசைக்க மாட்டேங்குறாரு. மூணு வாரமா. கை மடியில கிடக்கு, அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. டாக்டர் தூக்கி வெச்சா திரும்ப மடியில போட்டுடுறாரு. நரம்புல புதுசா எதுவும் இல்லம்மா, இவர் மனசுல என்னவோ இருக்கு, இப்படியே இன்னும் ஒரு மாசம் விட்டா வந்தது போயிடும், அப்புறம் என்னால ஆகாதுன்னுட்டாரு. நாலு நாள் முன்னாடி, சாப்பாடு குடுக்கும்போது, ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. நம்ம வீட்டுலருந்தான்னு. அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? இல்லவே இல்லைன்னேன். நம்பல. என் மூஞ்சியைப் படிக்கத் தெரியாதா அவருக்கு, இருபது வருஷமா பாக்குறாரு. லைன்காரர் வருவாரு, அவர் வந்து பாத்து யாருன்னு சொல்லுவாருன்னேன். அதுக்குத் தலையாட்டினாரு. அன்னைக்கு எடுத்தேன் ஃபோனை. இன்னைக்குக் காலையில சட்டை மாத்தச் சொல்லி, கதவுப் பக்கமா நாற்காலியைத் திருப்பி வெக்கச் சொல்லி உக்காந்திருக்காரு. நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினது யாருக்குன்னு நினைக்குறீங்க?

உள்ள வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளியாள் எவனோ லைன்ல புகுந்திருக்கான், அவன்தான் அழுத்தியிருக்கான், பாஸ்வேர்டை மாத்திட்டேன், இனிமே நடக்காது. அவ்வளவுதான். உங்க யூனிஃபார்ம், உங்க பை, அந்த மீட்டர் எல்லாத்தையும் அவர் கண்ணுல படுற மாதிரி பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

பொய் சொல்லிப் பழக்கமில்லையா? யார்கிட்டண்ணே சொல்றீங்க? கேபிள் எங்கயோ கட்டாயிருக்கு, ஆள் போயிருக்காங்க, இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துடும்னு நீங்க சொன்னதே இல்ல? ஸ்பேர் பார்ட் வெளியூர்லருந்து வந்துக்கிட்டு இருக்குன்னு நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். எல்லாம் கம்பெனிக்காகச் சொன்னது. எனக்காக ஒண்ணு சொல்லுங்க.

ஏன், நீங்கதான் அழுத்துனீங்க, பரவாயில்லைன்னு நானே சொன்னா என்னன்னா... சொல்லலாம். தெரியாமப் பண்ணிட்டாரு, மன்னிச்சுட்டேன்னு சொல்லலாம். அதுல ஒண்ணு இருக்குண்ணே. அந்த மெயில் வந்தப்ப நான் அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவருக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான். ஒவ்வொரு வரியாப் படிச்சு, எந்திரிச்சு நின்னு, வாயில வந்ததையெல்லாம் கொட்டினேன். என் பொழைப்புல மண்ணைப் போட்டவன் எவனா இருந்தாலும், அழுத்தின அந்தக் கை விளங்காமப் போகட்டும்னுட்டேன். ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை.

வாங்க, உள்ள போவோம். நிலைவாசல்ல குனிஞ்சு வாங்க, இடிக்கும்.

ஏங்க! லைன்காரர் கண்டுபிடிச்சுட்டாராம். யாருன்னு அவர் வாயாலயே கேளுங்க. சொல்லுங்கண்ணே, சத்தமாச் சொல்லுங்க.